ட்ரையேஜ் மேசையில் முதல் மாதம்: சென்னையில் எமர்ஜென்சிக்கு வரும் புது நர்ஸ்களுக்கு

வார்டிலிருந்து எமர்ஜென்சிக்கு மாற்றிவிட்டார்கள், அடுத்த வாரம் ட்ரையேஜ் மேசை (வருபவர்களில் யாரை முதலில் பார்க்க வேண்டும் என்று பிரிக்கும் இடம்) என்று டியூட்டி லிஸ்ட்டில் உங்கள் பெயர் வந்துவிட்டது. ஓரியன்டேஷன் என்ற பெயரில் லேமினேட் செய்த அட்டை ஒன்றைக் கையில் கொடுத்து, "சிவப்பு, மஞ்சள், பச்சை. பாத்துப் போடுங்க சிஸ்டர்" என்று சொல்லியிருப்பார்கள். எனக்கும் அவ்வளவுதான் சொன்னார்கள். மிச்சத்தைத் தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். நீங்களும் அப்படித் தடுமாற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சிவப்பு என்றால் உடனே பார்க்க வேண்டியவர், மஞ்சள் என்றால் சற்று நேரத்துக்குள், பச்சை என்றால் காத்திருக்கலாம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிவப்பை வாசலில் நிற்கும் செக்யூரிட்டியே கண்டுபிடித்துவிடுவார். ரத்தம் ஒழுகும், மூச்சு இழுக்கும், நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். பச்சையும் பெரும்பாலும் தானாகத் தெரியும். உங்களுக்குச் சம்பளம் கொடுப்பது மஞ்சளுக்காக. நடந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல சிஸ்டர், லேசா ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்பவருக்காக.

1. சேரும் முன் கையில் வைத்திருக்க வேண்டியவை

தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் தாதியர் கவுன்சில் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். புதுப்பிக்கும் தேதி தாண்டிவிட்டதென்று பணியில் சேரும் நாளில் தெரிந்தால் அலைச்சல் உங்களுக்குத்தான். பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். (அடிப்படை, மேல்நிலை உயிர்காப்புப் பயிற்சி) அட்டைகள் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். அந்தப் பயிற்சிக்குச் சில ஆயிரங்கள் ஆகும். உங்கள் மருத்துவமனை அந்தப் பணத்தைக் கட்டுமா, கட்டினால் இத்தனை மாதம் வேலையை விட்டுப் போகக்கூடாது என்று பாண்ட் கேட்குமா என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். பிறகு கேட்டால் பதில் மாறும்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து. முதல் ஊசியாவது போட்டுக்கொண்டு மேசைக்குப் போங்கள். நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி உங்களைக் குத்திவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. அந்த மருந்து இரவு ஷிஃப்டில் எந்த அலமாரியில் இருக்கும், சாவி யாரிடம் என்பதை முதல் நாளே தெரிந்து வையுங்கள்.

நொடி முள் உள்ள கைக்கடிகாரம், பென் டார்ச், கத்தரிக்கோல், இரண்டு பேனா. மூச்சை எண்ணும்போது கையில் செல்போன் இருந்தால், கூட வந்தவர்கள் நீங்கள் வாட்ஸ்அப் பார்ப்பதாகத்தான் நினைப்பார்கள்.

2. ஷிஃப்ட் தொடங்கியதும்

ஆக்சிஜன் சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது, சக்ஷன் (சளி, ரத்தம் உறிஞ்சும் கருவி) இழுக்கிறதா, குளுக்கோமீட்டருக்கு ஸ்ட்ரிப் இருக்கிறதா, ஈ.சி.ஜி. மெஷினில் பேப்பர் இருக்கிறதா. இந்த நான்கையும் நீங்களே தொட்டுப் பாருங்கள். முந்தைய ஷிஃப்ட் சிஸ்டர் "எல்லாம் இருக்கு" என்று சொல்லியிருந்தாலும் பாருங்கள். அடுத்து, சிவப்புப் பகுதியில் எத்தனை படுக்கை காலி, ஐ.சி.யூ.வில் இடம் உண்டா, இன்று சி.டி. ஸ்கேன் ஓடுகிறதா என்று கேட்டு வையுங்கள், உள்ளங்கையில் எழுதிக்கொண்டாலும் சரி.

3. உட்காரவைக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்

நோயாளி வாசலைத் தாண்டி உங்கள் மேசைக்கு வருவதற்குள் பாதி வேலை முடிந்துவிட வேண்டும். தானாக நடக்கிறாரா, சுவரைப் பிடிக்கிறாரா? ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடிகிறதா, நடுவில் மூச்சு வாங்குகிறாரா? வியர்வையில் சட்டை நனைந்திருக்கிறதா? பெயரைக் கேட்டதும் உடனே சொல்கிறாரா? ஆட்டோவில் இருந்து இறக்கும் விதத்திலேயே நிறையத் தெரியும். தோளில் சாய்த்து இறக்கினால் ஒன்று, நாலு பேர் கைகால் பிடித்து இறக்கினால் வேறு.

மூச்சுப் பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு. இந்த நாலில் ஒன்று சரியில்லை என்று தெரிந்தாலும் பெயர், வயது, ஓ.பி. சீட்டு எதையும் கேட்காமல் உள்ளே தள்ளுங்கள். பதிவு பின்னால் நடக்கும். "சீட்டு போட்டாத்தான் உள்ள விடுவோம்" என்று யாராவது சொன்னால், எந்த மருத்துவமனையும் அவசரச் சிகிச்சையை முதலில் தர வேண்டும், சட்ட நடைமுறைகள் அதற்குப் பிறகுதான் என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் பரமானந்த கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டதை நினைவுபடுத்துங்கள்.

4. நான்கு கேள்விகள் போதும்

என்ன செய்கிறது? எப்போது தொடங்கியது? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? முழு வரலாற்றை டியூட்டி டாக்டர் எடுப்பார். நீங்கள் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்தால் பின்னால் வரிசை வாசல் வரை போய்விடும்.

மாத்திரை கேள்வியை மட்டும் விடாதீர்கள். "சுகர், பிரஷர் எல்லாம் இருக்கா?" என்று கேட்டால் "இல்ல" என்பார்கள். "தினமும் ஏதாவது மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்டால், மகள் பையைத் திறந்து ஒரு மாத்திரை மூட்டையை மேசையில் கொட்டுவார். அதில் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை இருந்தால் தலையில் அடிபட்ட எவரையும் ஒரு படி மேலே தூக்குங்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் இருந்தால், உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருந்தாலும் நாடித் துடிப்பு ஏறாது. எண்ணைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள்.

வடமாநிலத் தொழிலாளர்கள் நிறைய வருவார்கள். "தர்த் கஹாங் ஹை" (எங்கே வலி), "கப் ஸே" (எப்போதிலிருந்து), "ஸான்ஸ் மே தக்லீஃப்?" (மூச்சு விடச் சிரமமா) என்று மூன்று வரியை மனப்பாடம் செய்துகொண்டால் பாதி இரவு ஓடிவிடும். மிச்சத்துக்கு கட்டட வேலை மேஸ்திரியை போனில் பிடியுங்கள்.

5. எண்கள்

மூச்சின் வேகம்தான் எல்லாரும் கோட்டைவிடும் எண். பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினால் வரிசையாக 18, 18, 20 என்றிருக்கும். யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மார்பைப் பார்த்து முப்பது நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். குழந்தைக்கு ஒரு முழு நிமிடம். பெரியவருக்கு நிமிடத்துக்கு 25-ஐத் தொட்டால் அவர் காத்திருக்கக்கூடாது. குழந்தைகளில் இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ வேக மூச்சு என்று எழுதுங்கள்.

பெரியவர்களுக்கு மற்றவை: ஆக்சிஜன் 91-உம் அதற்குக் கீழும், நாடி 40-க்குக் கீழ் அல்லது 130-க்கு மேல், மேல் அழுத்தம் 90-க்குக் கீழ், புதிதாக வந்த குழப்பம். இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரைக் கூப்பிடுங்கள். கை சில்லிட்டிருந்தாலோ நெயில் பாலிஷ் இருந்தாலோ ஆக்சிஜன் அளவு தப்பாகக் காட்டும். வேறு விரல், இல்லையென்றால் காது. தீ விபத்தில் புகையைச் சுவாசித்தவருக்கு அந்தக் கருவி 99 காட்டினாலும் நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடையும் அது ஆக்சிஜன் என்றே எண்ணிக்கொள்ளும்.

நினைவு குழம்பியவர், வலிப்பு வந்தவர், கை கால் விளங்காதவர், குடித்துவிட்டு விழுந்தவர் எல்லோருக்கும் விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துச் சர்க்கரை பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், நீங்கள் பக்கவாதம் என்று நினைத்தது குளுக்கோஸ் ஏறியதும் எழுந்து உட்காரக்கூடும்.

6. நிறம்

அரசு மருத்துவமனைகளில் டேயி (TAEI, தமிழ்நாட்டின் விபத்து, அவசரச் சிகிச்சைத் திட்டம்) திட்டத்தின்படி சிவப்பு, மஞ்சள், பச்சை. பெரிய தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் ஒன்றிலிருந்து ஐந்து வரை நிலைகள். எதுவாக இருந்தாலும் உங்கள் துறையின் அட்டையைத்தான் பின்பற்ற வேண்டும். நிறத்தோடு நேரத்தையும் எழுதுங்கள். "11.42, மஞ்சள்" என்று. நேரம் இல்லாத ட்ரையேஜ் சீட்டு பின்னால் யாருக்கும் உதவாது, முக்கியமாக உங்களுக்கு.

இரண்டு நிறத்துக்கு நடுவே தடுமாறினால் மேலே உள்ளதைப் போடுங்கள். டாக்டர் கீழே இறக்கிக்கொள்ளட்டும். "எதுக்கு சிஸ்டர் இதை சிவப்புல போட்டீங்க?" என்று திட்டு வாங்குவது இந்த வேலையில் சகஜம்தான். ஆனால் எல்லோரையும் மஞ்சளில் போடுவது வேறு விஷயம். அப்படிச் செய்தால் மஞ்சள் என்ற நிறமே இல்லை என்று ஆகிவிடும்.

7. ஏமாற்றும் நோயாளிகள்

இந்தப் பகுதிக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன்.

வாயு என்று சொல்பவர். "நைட்டு புரோட்டா சாப்பிட்டேன், நெஞ்சு கரிக்குது, ஓமத் தண்ணி குடிச்சும் போவல." வயது நாற்பதைத் தாண்டியிருந்தால், சர்க்கரை இருந்தால், வியர்த்திருந்தால், ஈ.சி.ஜி. எடுங்கள். வந்த பத்து நிமிடத்துக்குள் எடுத்து டாக்டர் கையில் கொடுக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதான பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் மாரடைப்பு வரும். தாடை வலி, மேல்வயிறு எரிச்சல், காரணமில்லாத அசதி, வாந்தி. பாட்டி "எனக்கொண்ணும் இல்ல கண்ணு, இவன்தான் இழுத்துக்கினு வந்தான்" என்று சொன்னாலும் எடுங்கள்.

காலையில் எழுந்தபோது கை வராதவர். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான். மகன் "ஆறு மணிக்கு வந்துச்சு" என்பார். ஆறு மணி என்பது அவர் எழுந்த நேரம். கடைசியாக நன்றாக இருந்ததை யார், எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள். பத்து மணிக்குப் படுத்தார் என்றால் கணக்கு பத்திலிருந்துதான். நடுவில் பாத்ரூம் போய்வந்ததை மனைவி பார்த்திருந்தால் கணக்கு மாறும். அதனால் மனைவியிடமும் கேளுங்கள், மகனிடம் மட்டும் கேட்டு விடாதீர்கள்.

காய்ச்சல் விட்டவர். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை டெங்கு நோயாளிகளால் வராண்டா நிறையும். காய்ச்சல் அடிக்கும்போது வருபவரை விட, "காச்சல் நேத்தே விட்ருச்சு, ஆனா வயிறு வலிக்குது, வாந்தி நிக்கல" என்று வருபவர்தான் ஆபத்தில் இருப்பவர். கை கால் சில்லென்றிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். மேல், கீழ் அழுத்தங்களின் வித்தியாசம் 20 அல்லது அதற்குக் குறைவு என்றால், 100/80 என்ற எண் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் அது ஷாக், அதாவது ரத்த ஓட்டம் சரியும் நிலை.

எலி பேஸ்ட் சாப்பிட்டவர். இதில் ஏமாறாதவர்கள் குறைவு. முதல் நாள் வாந்தியோடு நின்றுவிடும், அல்லது ஒன்றுமே இருக்காது. நன்றாகப் பேசுவார், காபி கேட்பார், வீட்டுக்குப் போகலாமா என்பார். பேஸ்ட்டில் இருக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் அடுத்த சில நாட்களில் கல்லீரலைச் சாய்த்துவிடும். பாராசிட்டமால் மாத்திரைகளை மொத்தமாக விழுங்கியவரும் அப்படித்தான். முறிமருந்தை எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் மிக நன்றாக இருக்கும். எனவே விஷம் என்று வந்தவர் யாரும், எவ்வளவு தெம்பாக இருந்தாலும், பச்சை இல்லை. டியூபையோ பாட்டிலையோ வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க விடாதீர்கள். குடும்பம் போலீசுக்குப் பயந்து "தெரியாம சாப்பிட்டுட்டா" என்று சொல்லும். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதி, தண்டிக்கக்கூடாது என்கிறது. அதைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னால், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்ற உண்மை வெளியே வரும். சிகிச்சைக்கு அதுதான் வேண்டும்.

குடித்துவிட்டு விழுந்தவர். வாசனை அடித்தால் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு மூலையில் படுக்கவைத்துவிடுவார்கள். தலைக்குள் ரத்தக் கசிவு இருந்தாலும் இதே உளறல்தான். சர்க்கரை பாருங்கள், கண்மணிகள் இரண்டும் ஒரே அளவா என்று டார்ச் அடியுங்கள், அரை மணிக்கு ஒருமுறை எழுப்பிப் பாருங்கள். எழுப்ப முடியாமல் போனால் அது தூக்கம் இல்லை.

கடலில் மூழ்கி மீட்கப்பட்டவர். மெரினாவிலிருந்து வரும் பையன்கள் நன்றாக இருமிவிட்டு "ஓக்கே சிஸ்டர்" என்று எழுந்து போகப் பார்ப்பார்கள். நுரையீரல் சில மணி நேரம் கழித்துக்கூடச் சிரமப்படலாம். பார்வையில் வையுங்கள்.

எட்டு மாதக் கர்ப்பிணி, தலைவலி. ரத்த அழுத்தம் 140/90 இருந்தாலே அது சாதாரணத் தலைவலி இல்லை. 160/110 என்றால் சிவப்பு. வலிப்பு வரும் முன் உள்ளே போக வேண்டும். மல்லாக்கப் படுக்கவைக்காதீர்கள், இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவையுங்கள்.

8. காகிதம்

விபத்து, அடிதடி, விஷம், தீக்காயம், தூக்கு, மின்சாரம் தாக்கியது என்று வரும் எல்லாவற்றுக்கும் ஏ.ஆர். (விபத்துப் பதிவு) போட வேண்டும். விபத்துப் பதிவேட்டை எழுதுவது டாக்டர்தான், ஆனால் அதற்கான விவரங்களை முதலில் கேட்பது நீங்கள். யார் கொண்டுவந்தார், எந்த இடம், எத்தனை மணி, எந்த வண்டி, உடலில் இரண்டு அடையாளம். மச்சம், பழைய தழும்பு எதுவானாலும் சரி. நோயாளி சொன்னதைச் சொன்னபடி எழுதச் சொல்லுங்கள். "தெரிந்த நபரால் கட்டையால் தாக்கப்பட்டதாகச் சொல்கிறார்" என்பது பதிவு. "தாக்கப்பட்டார்" என்பது உங்கள் தீர்ப்பு. காயம் இடதா வலதா என்பதை இரண்டு முறை சரிபாருங்கள். பின்னால் மோட்டார் வாகன இழப்பீட்டு வழக்கில் அந்த ஒரு எழுத்தை வைத்துத்தான் குறுக்கு விசாரணை நடக்கும்.

வழியில் போனவர் யாராவது தூக்கி வந்திருந்தால் அவரைப் பிடித்து வைக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைப் பாதுகாக்கிறது. பெயர், முகவரி சொல்ல அவருக்கு விருப்பமில்லை என்றால் கட்டாயப்படுத்த முடியாது.

பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண் வந்தால் தனி அறை, உடனடிச் சிகிச்சை, கட்டணம் கிடையாது. தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். போலீஸ் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆடைகளைக் காகிதப் பையில் போடுங்கள், பிளாஸ்டிக்கில் வேண்டாம். வயது 18-க்குக் கீழ் என்றால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் தருவது கட்டாயம்.

நகை, பணம், செல்போன் எல்லாவற்றையும் சாட்சியோடு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "தங்கச் செயின்" என்று எழுதாதீர்கள், "மஞ்சள் நிற உலோகச் செயின்" என்று எழுதுங்கள்.

9. பணம் பற்றிக் கேட்பார்கள்

நீங்கள் பில்லிங் கவுன்ட்டர் இல்லைதான். ஆனாலும் "எவ்வளோ ஆவும் சிஸ்டர்?" என்று முதலில் உங்களிடம்தான் கேட்பார்கள். தொகை எதையும் வாயால் சொல்லாதீர்கள். சொல்ல வேண்டியவை இவை.

சாலை விபத்து என்றால் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம். 2021 டிசம்பரில் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த விபத்து என்றால், அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும், காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. பட்டியலில் இருக்கும் தனியார் மருத்துவமனைக்கும் இது உண்டு. உச்சவரம்பு தொடங்கும்போது ஒரு லட்சம் ரூபாய்; இன்றைய தொகையைக் காப்பீட்டுக் கவுன்ட்டரில் கேட்டு மேசையில் ஒட்டி வையுங்கள். உங்கள் மருத்துவமனை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

மற்ற நோய்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை. அட்டை இல்லாதவர்களுக்கு ரேஷன் கார்டு, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று தேவைப்படும். வீட்டில் இருப்பவரை இப்போதே எடுத்துவரச் சொன்னால் ஒரு நாள் மிச்சமாகும். உதவி எண் 1800 425 3993. தனியார் இன்ஷூரன்ஸ் என்றால் பாலிசி அட்டையும் ஆதாரும் போதும். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது 2024 முதல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி.

உங்களிடம் வசதி இல்லாத கேஸ் என்றால் 108-க்குச் சொல்லி, போய்ச் சேரும் இடத்துக்கு முன்கூட்டியே போன் போட்டுவிட்டு அனுப்புங்கள். தீக்காயத்துக்குக் கீழ்ப்பாக்கம், துண்டான விரலுக்கு ஸ்டான்லியின் கை அறுவைப் பிரிவு, குழந்தைக்கும் கண்ணுக்கும் எழும்பூர். துண்டான விரலை நேராக ஐஸில் போட்டுக் கொண்டுவருவார்கள். சலைனில் நனைத்த துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, அந்தப் பையைத்தான் ஐஸ் மேல் வைக்க வேண்டும்.

10. காத்திருப்பவர்களும் கூட வந்தவர்களும்

நிறம் போட்டதோடு வேலை முடியவில்லை. மஞ்சளில் உட்கார்ந்திருப்பவரை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, பச்சையை ஒரு மணிக்கு ஒருமுறை திரும்பிப் போய்ப் பார்ப்பது என் வழக்கம். மறுபடி எண்களை எடுத்து, நேரத்தோடு எழுதி, தேவைப்பட்டால் நிறத்தை மாற்றுங்கள்.

"எங்களுக்கு அப்புறம் வந்தவங்கள உள்ள விட்டுட்டீங்க" என்று சண்டை வரும். வரும் முன்பே சொல்லிவிடுங்கள்: "ஐயா, இங்க வந்த வரிசை கிடையாது. உயிருக்கு ஆபத்து யாருக்கோ அவங்க முதல்ல. உங்கப்பாவுக்கு இப்ப பிரஷர், ஆக்சிஜன் நல்லா இருக்கு. நெஞ்சு வலி வந்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே என்கிட்ட வாங்க." எந்த மாற்றத்துக்கு உங்களைக் கூப்பிட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்தால், நீங்கள் பார்க்க முடியாத நேரத்தில் அவர்கள் உங்களுக்காகப் பார்ப்பார்கள். கை ஓங்கும் நிலை வந்தால் வாக்குவாதம் வேண்டாம், பின்வாங்கிச் செக்யூரிட்டியைக் கூப்பிடுங்கள். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவது 2008-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி ஜாமீனில் வர முடியாத குற்றம்.

போகிறேன் என்று அடம்பிடிப்பவரிடம் கையெழுத்து மட்டும் வாங்கி அனுப்பாதீர்கள். டாக்டரை அழைத்து, என்ன ஆபத்து என்று தமிழில் சொல்லவைத்து, சொன்னதை எழுதி, அதற்குக் கீழே கையெழுத்து.

11. ஷிஃப்ட் முடியும்போது

கைமாற்றும்போது சிவப்பைப் பற்றிப் பேசி நேரத்தைக் கழிக்காதீர்கள், அவர்கள் உள்ளே மானிட்டரில் இருக்கிறார்கள். காத்திருக்கும் மஞ்சள்களை ஒவ்வொருவராக அடுத்த சிஸ்டருக்கு நேரில் காட்டுங்கள். "நீலப் புடவை அம்மா, சுகர் இருக்கு, முதல் ஈ.சி.ஜி. நார்மல், அடுத்தது 8.15-க்கு எடுக்கணும்." எடுத்த ஈ.சி.ஜி.யில் டாக்டர் கையெழுத்தும் நேரமும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பையை எடுங்கள்.